1940இல் கட்டப்பட்ட பதினைந்தாம் நூற்றாண்டு
லிஸ்பன் நகரைச் சுற்றிப் பார்த்தல் குறித்துச் சில குறிப்புகள்

1

லிஸ்பனுக்குப் போகிற எல்லோரும் பெலேமுக்குப் போகிறார்கள். நகர மையத்திலிருந்து தேஜு ஆற்றை ஒட்டியே மேற்கில் ஆறேழு கிலோமீட்டர் தூரம், டிராம் போகிறது. அங்கே ஜெரோனிமோஸ் மடாலயம், ஆற்றோரக் கோபுரம், 'கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம்' என்று மூன்று இருக்கின்றன. இந்த மூன்றையும் பார்த்துவிட்டு, நீண்ட வரிசையில் நின்று முட்டைக் கருவும் சர்க்கரையும் சேர்த்துச் சுட்ட இனிப்பை வாங்கித் தின்றால் அரை நாள் வேலை முடிந்தது. 'போர்த்துகலின் பொற்காலத்தைப் பார்த்தாயிற்று' என்ற நிறைவோடு ஊர் திரும்பலாம்.

'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த 'வேண்டிய'வில் இருக்கிற கட்டளை யாருடையது? சுற்றுலா என்பது கால்களால் நடத்தப்படும் வாசிப்பு. எதை முதலில் பார்ப்பது, எங்கே நின்று படம் எடுப்பது, எதைத் திரும்பிப் பார்க்காமல் கடந்துபோவது என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார் என்று கேட்பதுதான் வரலாற்று வாசிப்பின் தொடக்கம். பெலேமைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு ஏறத்தாழத் துல்லியமான பதில் கிடைக்கிறது என்பதுதான் என்னை இதை எழுத வைத்தது.

கவிஞர் பெர்னாண்டோ பெசோவா 1925 வாக்கில், லிஸ்பனுக்கு வருகிற அந்நியர் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு கையேடு எழுதி வைத்திருந்தார். 1935இல் அவர் இறந்தபோதும் அது அச்சேறவில்லை. 1992இல்தான் புத்தகமாக வந்தது. அந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு இன்று பெலேமில் இறங்குகிறவருக்கு ஒரு தடுமாற்றம் வரும். மடாலயம் இருக்கும், கோபுரம் இருக்கும். ஆனால் மடாலயத்துக்கு முன்னால் விரிந்து கிடக்கிற பிரம்மாண்டமான 'பேரரசுச் சதுக்கம்' பெசோவாவின் லிஸ்பனில் இல்லை. ஆற்றங்கரையில் கப்பலின் முன்பகுதி போல எழும்பி நிற்கிற நினைவுச்சின்னமும் இல்லை. இன்றைக்குப் பெலேம் என்றவுடன் நம் கண்ணுக்கு வருகிற காட்சியில் பாதி, அவர் செத்தபிறகு போடப்பட்டது. பதினைந்தாம் நூற்றாண்டு என்று சொல்லி நமக்குக் காட்டப்படுவது இருபதாம் நூற்றாண்டின் வேலை.

2

1940 ஜூன் 23. சலசாரின் 'புதிய அரசு' பெலேமில் 'போர்த்துகீசிய உலகக் கண்காட்சி'யைத் திறந்தது. இரட்டை நூற்றாண்டு விழா அது. நாடு உருவாகி 800 ஆண்டு (1140), ஸ்பெயினிடமிருந்து மீண்டு 300 ஆண்டு (1640). டிசம்பர் 2 வரை நடந்த இந்தக் கண்காட்சிக்கு ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் வந்தார்கள் என்பது கணக்கு. சர்வாதிகாரம் தனக்கு ஒரு பழங்காலத்தைத் தேர்ந்தெடுத்து, அதைச் சாந்திலும் மரச் சட்டத்திலும் கட்டி, மக்களை அதற்குள் நடக்கவிட்டது.

கட்டுவதற்கு இடம் வேண்டுமே? மடாலயத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் பழைய பெலேம் இருந்தது. வீடுகள், சந்தை, குறுகிய தெருக்கள். அதில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினார்கள். 'வரலாற்றுப் புகழ்மிக்க பெலேமை' மக்களுக்குக் காட்டுவதற்காக வரலாற்றுப் பெலேம் தரைமட்டமாக்கப்பட்டது. அப்படிக் கிடைத்த வெட்டவெளிதான் இன்றைய சதுக்கம். மடாலயத்தின் முழு நீளத்தையும் ஒரே பார்வையில் பிடிக்க முடிகிறதே, அந்தப் பார்வைக்கோணமே 1940இன் உற்பத்தி. நம்ம கேமரா சட்டகத்தைச் சலசாரின் கட்டடக் கலைஞர்கள் முன்கூட்டியே அளந்து வைத்துவிட்டார்கள்.

சதுக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மடாலயத்துக்குப் பின்னால் ஒரு தாவரவியல் பூங்கா இருக்கிறது. இப்போது 'வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா' என்று பெயர். 1940இல் 'காலனியப் பூங்கா'. கண்காட்சியின் காலனியப் பிரிவு இங்கேதான் அமைந்தது. கினி, அங்கோலா, மொசாம்பிக், திமோர் முதலிய காலனிகளிலிருந்து ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் கொண்டுவந்து, செட்டுப் போட்ட குடிசைகளில் குடிவைத்தார்கள். சமைப்பது, நெய்வது, குழந்தையைத் தூங்கவைப்பது என அவர்கள் 'இயல்பாக' இருக்க வேண்டும், பார்வையாளர்கள் வேடிக்கை பார்க்க வேண்டும். இன்றும் அந்தப் பூங்காவில் ஆப்பிரிக்க, ஆசிய முகங்களின் மார்பளவுச் சிலைகள் மரங்களுக்கு இடையே நிற்கின்றன. பெயர் இல்லாத முகங்கள், 'இனவகை' மாதிரிகள். அரை கிலோமீட்டர் தொலைவில் ஆற்றங்கரையில் நிற்கிற கல் மனிதர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. பெயர் உள்ள சிலை, பெயர் அற்ற சிலை என்ற இந்தப் பிரிவினையில் காலனியம் மொத்தமும் அடங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது.

இந்தக் காலனியப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் கேப்டன் என்ரிக் கால்வாவோ. இவர் கதை தனி. 1947இல் இதே மனிதர் அங்கோலாவில் நடக்கும் கட்டாய உழைப்பைப் பற்றி நாடாளுமன்றத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். ஆட்சி அதை அமுக்கியது. பிறகு அவர் சிறைக்குப் போனார், 1959இல் தப்பினார். 1961 ஜனவரியில் 'சாந்தா மரியா' என்ற பயணிக் கப்பலை நடுக்கடலில் கைப்பற்றி உலகத்தின் கவனத்தைச் சலசார் பக்கம் திருப்பினார். காலனியத்தைக் காட்சிப்படுத்தியவரே அதன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபோது அதிர்ந்துபோனார். காலனிகளே கூடாது என்கிற இடத்துக்கு அவர் கடைசிவரை வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1940 என்ற ஆண்டு ஐரோப்பாவுக்கு எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். கண்காட்சி திறப்பதற்கு ஒன்பது நாள் முன்னால் பாரீஸ் நாஜிகளிடம் விழுந்தது. போரில் சேராத போர்த்துகல்தான் ஐரோப்பாவை விட்டு வெளியேறக் கிடைத்த கடைசி வாசல்களில் ஒன்று. யூதர்களும் அரசியல் அகதிகளும் லிஸ்பனை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். பொர்தோவில் இருந்த போர்த்துகீசியத் தூதர் அரிஸ்திதெஸ் டி சௌசா மென்டெஸ், மேலிடத்து உத்தரவை மீறி ஆயிரக்கணக்கானோருக்கு விசா முத்திரை குத்தினார். சலசார் அவரை வேலையிலிருந்து ஒதுக்கினார். அவர் வறுமையில் செத்தார், 2021இல் தேசிய நினைவாலயத்தில் இடம் கொடுத்தார்கள். வால்டர் பெஞ்சமின் பிரனீஸ் மலையைக் கடந்ததும் லிஸ்பனுக்கு வந்து அமெரிக்கக் கப்பல் ஏறத்தான். 1940 செப்டம்பர் 26 இரவு ஸ்பெயினின் எல்லை ஊரான போர்ட்போவில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் வந்து சேராத நகரத்தில் அன்றைக்கு, 'கண்டுபிடிப்பு'களின் பெருமை மின்விளக்கில் ஜொலித்துக்கொண்டிருந்தது. வெற்றிபெற்றவர்களின் ஊர்வலமாக வரலாறு எழுதப்படுவதைப் பற்றி அந்த ஆண்டில்தான் அவர் எழுதி முடித்திருந்தார். இது வெறும் தற்செயல்தான். ஆனாலும் இந்தத் தற்செயலை எந்தச் சுற்றுலாப் பலகையும் சொல்லாது.

கண்காட்சிக்காக ஒரு பழைய பாணிக் கப்பலும் செய்தார்கள். 'போர்த்துகல்' என்றே பெயர் வைத்தார்கள். நீரில் இறக்கியதும் கவிழ்ந்துவிட்டது. அப்புறம் நிமிர்த்திக் கட்டி இழுத்து வந்தார்கள். இதற்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை, இல்லையா?

3

ஆற்றங்கரை நினைவுச்சின்னமும் 1940 கண்காட்சிக்காகச் செய்த தற்காலிகச் செட்டுதான். கட்டடக் கலைஞர் கோத்தினெல்லி தெல்மோ, சிற்பி லெயபோல்டோ டி அல்மெய்டா. செட்டு பிறகு பிரிக்கப்பட்டது. இருபது ஆண்டு கழித்து 1960இல், இளவரசர் ஹென்றி இறந்த ஐந்நூறாவது ஆண்டு என்று சொல்லி, அதையே காங்கிரீட்டிலும் கல்லிலும் நிரந்தரமாக எழுப்பினார்கள். ஐம்பது மீட்டருக்கு மேல் உயரம். முன்னால் ஹென்றி, இரண்டு பக்கமும் சரிவில் முப்பத்திரண்டு பேர். மாலுமிகள், அரசர்கள், பாதிரிகள், வரைபடக்காரர்கள், கவி கமோயின்ஸ். பெண் ஒரே ஒருத்திதான். அவரும் ஹென்றியின் தாயாராகத்தான் அங்கே மண்டியிட்டிருக்கிறார். ஆப்பிரிக்கர் இல்லை, ஆசியர் இல்லை. காமாவை ஆப்பிரிக்கக் கரையின் மலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு வழி காட்டிக் கொண்டுவந்த மாலுமிக்கும் அங்கே இடமில்லை. அந்த மாலுமிக்குத் தெரிந்த கடல்வழியை அவரிடமிருந்தே வாங்கிக்கொண்டு அதற்குக் 'கண்டுபிடிப்பு' என்று பெயர் வைத்தால், கல்லில் அவரை எப்படிச் செதுக்குவது?

ஏன் 1960? ஆண்டைக் கொஞ்சம் அகலமாகப் பார்க்க வேண்டும். அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஆப்பிரிக்காவில் பதினேழு நாடுகள் விடுதலை பெற்றன. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அங்கோலாவில் ஆயுதப் போராட்டம் தொடங்கியது. அதே 1961 டிசம்பரில் கோவா கைவிட்டுப் போனது. ஆக, பேரரசு கரைந்துகொண்டிருந்த நேரத்தில் அதற்குக் காங்கிரீட் ஊற்றியிருக்கிறார்கள். நினைவுச்சின்னங்கள் தாம் நினைவூட்டுவதாகச் சொல்லும் ஆண்டைவிட, தாம் கட்டப்பட்ட ஆண்டின் பயத்தையே அதிகம் பேசும்.

அதன் காலடியில் ஐம்பது மீட்டர் விட்டத்தில் சலவைக்கல்லால் ஒரு திசைகாட்டி வட்டம். நடுவில் உலக வரைபடம், எந்த ஆண்டில் எந்தக் கரையைத் தொட்டார்கள் என்ற குறிப்புகளோடு. நான் போயிருந்தபோது பிள்ளைகள் கண்டம் விட்டுக் கண்டம் தாவிக் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இந்த வட்டம் ஓர் அன்பளிப்பு. கொடுத்தது தென்னாப்பிரிக்க அரசு, 1960இல். ஷார்ப்வில்லில் கறுப்பின மக்கள் அறுபத்தொன்பது பேர் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டு. நிறவெறி அரசு காலனிய அரசுக்குக் கொடுத்த பரிசின்மேல் நின்றுதான் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறோம்.

2021 ஆகஸ்டில் யாரோ இரவோடு இரவாக இந்தச் சின்னத்தின் பக்கவாட்டில் நீளமாக ஒரு வாசகம் எழுதிவிட்டுப் போனார்கள். காசுக்காகக் கண்மூடிக் கடல் கடந்ததையும் மனிதகுலம் இரத்தக் கடலில் மூழ்குவதையும் பற்றியது. உடனே 'கலாச்சாரச் சொத்து சேதம்' என்று கூச்சல். சில நாளில் கழுவித் துடைத்துவிட்டார்கள். அந்தச் சுவரில் முதலில் எழுதியவர்கள் 1940இலும் 1960இலும் எழுதியவர்கள்தான் என்பது அந்தக் கூச்சலில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

4

மடாலயம் மட்டுமாவது உண்மையான பழசு இல்லையா என்று கேட்கலாம். பழசுதான். மானுவேல் மன்னர் காலத்தில், 1501 வாக்கில் வேலை தொடங்கியது. பணம் எங்கிருந்து? ஆப்பிரிக்க, கீழைநாட்டு வணிகத்தின்மீது விழுந்த ஐந்து விழுக்காட்டு வரியிலிருந்து. அந்த நுணுக்கமான கல் கயிறுகளும் பவளக்கொடிகளும் நேரடியாக வணிகக் கணக்கேட்டின் இன்னொரு வடிவம். ஆனால் அதை 'மானுவேல் பாணி' என்று ஒரு தேசியப் பாணியாகப் பெயரிட்டது 1842இல், வார்ன்ஹாகன் என்ற வரலாற்றாசிரியர். முகப்பின் நீண்ட சிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிதும் திருத்திக் கட்டப்பட்டது. அப்போது எழுப்பிய நடுக் கோபுரம் 1878இல் இடிந்து விழுந்ததில் வேலையாட்கள் செத்தார்கள். அவர்கள் பெயரில் அங்கே எதுவும் என் கண்ணில் படவில்லை.

உள்ளே நுழைந்ததும் இரண்டு கல்லறைகள். ஒரு பக்கம் வாஸ்கோ ட காமா, மறுபக்கம் கமோயின்ஸ். பயணமும் காவியமும், வாளும் எழுதுகோலும் என்று வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வார்கள். காமா 1524இல் கொச்சியில் செத்தவர். எலும்புகள் பிறகு போர்த்துகலின் வேறோர் ஊருக்குப் போயின. கமோயின்ஸை 1580இல் லிஸ்பனின் வேறொரு கோயிலில் புதைத்தார்கள். இரண்டு பேரையும் இங்கே ஒன்றாகச் சேர்த்தது 1880, கமோயின்ஸ் முந்நூறாவது நினைவு ஆண்டு. ஐரோப்பிய அரசுகள் ஆப்பிரிக்காவைப் பங்குபோடக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். போர்த்துகலுக்குத் தன் 'முன்னுரிமை'க்குச் சாட்சி வேண்டியிருந்தது, எலும்புகள் வந்தன. அவசரத்தில் காமாவுக்குப் பதில் வேறு யாருடைய எலும்பையோ கொண்டுவந்துவிட்டது பிற்பாடு தெரிந்து, 1898இல் மறுபடி மாற்றினார்கள். கமோயின்ஸ் கதையிலோ, அவரைப் புதைத்த கோயில் 1755 நிலநடுக்கத்தில் சேதமானது. ஆகவே அந்தப் பேழைக்குள் இருப்பது அவர்தான் என்று ஆய்வாளர்கள் யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். வரலாற்றின் இரண்டு தூண்கள் என்று நாம் தொட்டுப் பார்ப்பது இதைத்தான்.

1974 ஏப்ரல் 25 புரட்சியில் சர்வாதிகாரம் விழுந்தது. காலனிகள் போயின. அப்போதாவது பெலேமின் பிரதி மாற்றி எழுதப்பட்டதா? 1985 ஜூனில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேரும் ஒப்பந்தத்தை இந்த மடாலயத்தில்தான் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு பெசோவாவின் எலும்புகளையும் கொண்டுவந்து உள்முற்றத்தில் வைத்தார்கள். 1994இல் கோபுரத்துக்குப் பக்கத்தில், காலனியப் போரில் (1961–74) இறந்த போர்த்துகீசியப் படைவீரர்களுக்கு நினைவிடம் எழுந்தது. அந்தப் போரில் தங்கள் மண்ணுக்காகச் செத்த ஆப்பிரிக்கர்களின் பெயர் அந்தச் சுவரில் இல்லை. 1998இல் உலகக் கண்காட்சி வந்தது. காமா பயணத்தின் ஐந்நூறாவது ஆண்டு. நகரத்தின் கிழக்கில் புதுப் பாலம், அதற்கும் காமா பெயரே. 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'லிஸ்பன் ஒப்பந்தம்', மறுபடியும் ஜெரோனிமோஸ் வாசலில். மன்னராட்சி, சர்வாதிகாரம், ஜனநாயகம், ஐரோப்பா என்று ஆட்சிகள் மாறின, மேடை மாறவில்லை. ஒரு மேடையை அப்படியே வைத்துக்கொண்டு நாடகத்தை மட்டும் மாற்றுவது அத்தனை எளிதில்லை.

5

பெலேமில் காட்டப்படுகிற பேரரசு வெளியே நடந்ததாகவே காட்டப்படுகிறது. கப்பல்கள் இங்கிருந்து போயின, அவ்வளவுதான். திரும்பி வந்த கப்பல்களில் யார் இருந்தார்கள் என்பதற்கு நகரத்துக்குள் போக வேண்டும்.

1551இல் லிஸ்பனைக் கணக்கெடுத்த கிறிஸ்தோவாவோ ரொட்ரிகெஸ் டி ஒலிவெய்ரா, ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் 9,950 அடிமைகள் என்று எழுதுகிறார். பத்துக்கு ஒருவர். பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள், இந்தியக் கரைகளிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. தண்ணீர் சுமந்ததும் மலம் அள்ளியதும் துணி துவைத்ததும் தெருவில் தின்பண்டம் விற்றதும் அவர்கள். நகரின் மேற்கில் 'போசு டோஸ் நெக்ரோஸ்' என்று ஒரு தெரு இருக்கிறது. 'கறுப்பர்களின் குழி' என்று அர்த்தம். இறந்த அடிமைகளின் உடல்கள் தெருவோரம் வீசப்பட்டுக் கிடப்பதைப் பார்த்து, அவற்றைப் போட ஒரு குழி தோண்டச் சொல்லி 1515இல் உத்தரவிட்டவர் மானுவேல் மன்னர். அந்தச் சமயத்தில்தான் பெலேம் கோபுரத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. கோபுரமும் குழியும் ஒரே அரசரின் திருப்பணி. ஒன்று 1983இல் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போனது. மற்றது தெருப் பெயராகத் தங்கிவிட்டது, இப்போது அங்கே நல்ல காப்பிக் கடைகள் இருக்கின்றன.

ரோசியு சதுக்கத்தை ஒட்டி சாவோ டொமிங்கோஸ் கோயில். 1506 ஏப்ரலில், கட்டாயமாகக் கிறித்தவர்களாக்கப்பட்ட யூதர்களை மூன்று நாள் துரத்தித் துரத்திக் கொன்று எரித்தது இங்கே தொடங்கியது. செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அதே சதுக்கத்தில் இன்று தேசிய நாடக அரங்கம் நிற்கும் இடத்தில்தான் 'புனித விசாரணை' மன்றத்தின் அரண்மனை இருந்தது. 1506க்கான நினைவுக்கல் 2008இல்தான் வந்தது, ஐந்நூற்றிரண்டு ஆண்டு கழித்து. அந்தக் கல்லைச் சுற்றி இன்றைக்கு கினி-பிசாவிலிருந்தும் பிற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் கூடி நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் லிஸ்பனில் பார்த்ததிலேயே உயிருள்ள வரலாற்றுச் சின்னம் அந்தப் பேச்சுச் சத்தம்தான்.

அடிமைப்பட்ட மக்களுக்கு ஒரு நினைவிடம் வேண்டும் என்று 'ஜாஸ்' என்ற ஆப்பிரிக்க வம்சாவளியினர் அமைப்பு முன்வைத்த திட்டம், நகராட்சியின் மக்கள் பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்தில் 2017இல் வாக்கெடுப்பில் வென்றது. 2020இல் அங்கோலாக் கலைஞர் கிலுவான்ஜி கியா ஹென்டாவின் வடிவம் தேர்வானது. கறுப்பு அலுமினியத்தாலான ஒரு கரும்புத் தோட்டம். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் இழுபறி. 1940 கண்காட்சிக்கு ஒரு பேட்டையையே இடித்து இடம் கண்டுபிடித்த நகரம், கரும்புக்கு இடம் தேடி அலைந்தது. பெலேமில் நாம் வரிசையில் நின்று தின்கிற இனிப்பின் சர்க்கரைக்கும் ஒரு வரலாறு உண்டு. மதேய்ராவிலும் சாவோ தோமேவிலும் அடிமை உழைப்பில் விளைந்த கரும்பிலிருந்துதான் அந்த வரலாறு தொடங்குகிறது. ஹென்டா அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2018இல் நகராட்சி 'கண்டுபிடிப்புகள் அருங்காட்சியகம்' ஒன்று அமைக்கப் பார்த்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட வரலாற்று, சமூக அறிவியல் ஆய்வாளர்கள் அந்தப் பெயர் தகாது என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 'கண்டுபிடிப்பு' என்ற ஒரே சொல்லின்மேல் சண்டை. சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

6

இந்த இடத்தில் நம் கதையும் குறுக்கே வருகிறது, தவிர்க்க முடியாது. ஜெரோனிமோஸின் நீண்ட சிறகு, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருத்திக் கட்டியதாகச் சொன்னேனே, அதில்தான் 1893இல் நிறுவப்பட்ட தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. அதன் சேகரிப்பில் ஒரு சின்னப் புத்தகம் உண்டு. 1554இல் லிஸ்பனில் அச்சான 'கார்த்தில்யா'. கிறித்தவ ஜெபங்களும் அடிப்படைப் போதனைகளும் கொண்டது. தமிழ் வரியும் போர்த்துகீசிய வரியும் அடுத்தடுத்து வருகின்றன. தமிழ் வரி ரோமன் எழுத்தில் இருக்கிறது. தமிழுக்கு அச்செழுத்து வார்த்தது அதற்குப் பிறகுதான். அண்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே கொல்லத்தில் அச்சானது 1578இல்.

'அச்சேறிய முதல் இந்திய மொழி தமிழ்' என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். தகவல் சரிதான். ஆனால் அந்த முதலிடத்தைப் பெருமையாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளும்போது நாமும் ஆற்றங்கரையில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பிக்கொள்கிறோம், அவ்வளவுதான். பெலேமைக் கேட்ட அதே கேள்வியை இந்தப் புத்தகத்தையும் கேட்க வேண்டும். ஏன் அந்த ஆண்டில்? யாருடைய தேவைக்கு?

1530களின் நடுவில் முத்துக்குளித்துறையில் முத்துக் குளிப்பின் உரிமைக்காகக் கடும் மோதல். நெருக்கடியில் சிக்கிய பரதவர்கள் கொச்சிக்குத் தூது போய்ப் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். பாதுகாப்போடு கூடவே போர்த்துகீசியரின் வரிவசூலும் கரைக்கு வந்தது. மதம் மாறியவர்களுக்கு மந்திரம் சொல்லித்தர வேண்டியிருந்தது. சொல்லித்தர வருகிறவர்களுக்குத் தமிழ் ஒலி தேவைப்பட்டது. கார்த்தில்யா அந்தத் தேவையின் குழந்தை. லிஸ்பனில் அதைச் செய்து முடித்தவர்கள் மூன்று பேர். விசென்டே டி நாசரே, ஜோர்ஜ் கர்வால்யோ, தோமே ட குரூஸ். தமிழ் தெரிந்த, இந்தியாவிலிருந்து போன கிறித்தவர்கள். ஞானஸ்நானம் ஊர்ப்பெயரைத் துடைத்து வேறு பெயர் கொடுத்திருக்கிறது. அவர்கள் தமிழும் அதே மாதிரி எழுத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இரவல் எழுத்தில் அச்சேறியிருக்கிறது. அடிமைகளைக் கணக்கெடுத்த 1551க்கு மூன்று ஆண்டு கழித்து, அதே தெருக்களில் நடந்து, பேரரசின் மொழிக்கு நேர் எதிரே தமிழை வரிவரியாக வைத்த அந்த மூவரை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? பேரரசின் கருவிகள் என்று தள்ளிவிடலாம், 'தமிழ் அச்சின் முன்னோடிகள்' என்று சிலை வைக்கலாம். இரண்டும் சுலபம். இரண்டுமே அவர்களைப் பார்க்காமல் தப்பிப்பது. காமாவின் கல்லறையும் அவர்களுடைய புத்தகமும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. ஒன்றைப் பார்க்க உலகமே வரிசையில் நிற்கிறது.

7

நினைவுச்சின்னங்களை இடிக்க வேண்டுமா, வைத்திருக்க வேண்டுமா என்ற விவாதம் 2020க்குப் பிறகு எல்லா இடத்திலும் சூடாக நடந்தது. இடிப்பதற்கான நியாயம் பல இடங்களில் உண்டு. ஆனால் பெலேம் எனக்குச் சொன்னது அதற்கு முந்தைய வேலையைப் பற்றி. ஒவ்வொரு கல்லிலும் இரண்டு தேதிகளைப் படிக்கப் பழக வேண்டும். அது எதை நினைவூட்டுகிறதோ அந்தத் தேதி, அதை யார் எப்போது நட்டார்களோ அந்தத் தேதி. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் அரசியல் குடியிருக்கிறது. கூடவே மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. இதை நட எதைப் பிடுங்கினார்கள்?

இப்படிப் படித்தால் நகரம் வேறு ஊராகிவிடும். ஷியாடோ பகுதியில் அன்டோனியோ மரியா கார்டோசோ தெருவில் ஆடம்பர அடுக்குமாடி வீடுகள் தெரியும். அது ரகசியப் போலீசின் தலைமையகமாக இருந்த கட்டடம். 1974 ஏப்ரல் 25 அன்று, 'ரத்தமில்லாப் புரட்சி' என்று சொல்லப்படுகிற அந்த நாளில், உள்ளே இருந்து சுட்டதில் தெருவில் நான்கு பேர் செத்தார்கள். சிறையாக இருந்த அல்ஜூபே மட்டும் 2015இல் அருங்காட்சியகமாகத் திறந்தது.

இன்னும் வடக்கே போனால் டூக்கே டி ஆவிலா நிழற்சாலையில், 'பேரரசு மாணவர் இல்லம்' இருந்த கட்டடம். காலனிகளிலிருந்து படிக்க வருகிற மாணவர்களை ஒரே கூரையின்கீழ் வைத்துக் கண்காணிக்கலாம் என்று 1944இல் ஆட்சியே ஆரம்பித்து வைத்தது. அந்தக் கூரையின்கீழ் வந்து கூடியவர்கள் யார் தெரியுமா? வேளாண்மை படிக்க வந்த அமில்கார் கப்ரால், மருத்துவம் படித்த அகோஸ்டின்யோ நெட்டோ, மொசாம்பிக்கின் மார்செலினோ டோஸ் சான்டோஸ். கவிதை வாசித்தார்கள், சின்னப் பத்திரிகை நடத்தினார்கள், வாதாடினார்கள். பிறகு ஊருக்குத் திரும்பி விடுதலை இயக்கங்களைக் கட்டினார்கள். 1965இல் போலீஸ் அந்த இல்லத்தை மூடியது. அதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருந்தது. 1940இன் கல் பேரரசு 1974இல் சரிந்ததற்கு இந்த வீட்டுக்கும் பங்கு உண்டு. கப்ராலின் இயக்கத்திடம் கினியில் தோற்றுக்கொண்டிருந்த ராணுவத்தின் இளம் அதிகாரிகள்தானே அந்த ஏப்ரலில் பீரங்கியைத் தலைநகரம் பக்கம் திருப்பினார்கள்.

இங்கே உள்ளே போக நுழைவுச்சீட்டு கிடையாது. வெளியே ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். டிராமில் அரை நாள் செலவழித்துப் பெலேம் போகிறவர்கள், மீதி அரை நாளை இந்த வீட்டு வாசலில் நின்று கழிக்கலாம். படம் எடுக்க ஒன்றும் இருக்காது. சின்னப் பத்திரிகை நடத்தும் நமக்கு அங்கே யோசிக்க நிறைய இருக்கும்.